இளையோரின் பாலின மனவுளைச்சலும் குடும்பத்தின் இடமும்: ஒரு வரலாற்று நோக்கு

பிறப்பின்போது உடற்குறி கொண்டு வகுக்கப்பட்ட பாலும் ஒருவர் தம்முள் உணரும் பாலும் இசையாதவிடத்து எழும் நீடித்த துயரை உளமருத்துவம் இன்று பாலின மனவுளைச்சல் எனக் குறிப்பிடுகின்றது. வளர்ந்தோரிடத்து இத்துயர் பற்றிய மருத்துவச் சிந்தனை ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. சிறுவரிடத்தும் கட்டிளமைப் பருவத்தினரிடத்தும் இதனை எவ்வாறு அணுகுவது என்னும் வினாவோ கடந்த அறுபது ஆண்டுகளுக்குள் எழுந்ததாகும். வளர்ந்த ஒருவர் தாமே வைத்தியரை நாடிச் செல்வார். சிறுவரைப் பெற்றோரே அழைத்துச் செல்வர். ஆகவே இளையோருக்கான சிகிச்சையின் வரலாற்றை ஆராய்வோர், அச்சிகிச்சையிற் குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட இடத்தையும் உடன்வைத்து நோக்குதல் இன்றியமையாதது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிகழ்ந்த அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையின் தோற்றுவாய் பேர்லின் நகரில் உள்ளது. மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் வைத்தியர் 1919ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்கு பாலியல் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். ஆண் பெண் என்னும் இரு முனைகளுக்கும் இடையே எண்ணற்ற இடைநிலைகள் இயற்கையில் உண்டென்பது அவரது கொள்கை. தம்மிடம் வந்தோரின் உணர்வைக் குற்றமாகவோ பித்தாகவோ கொள்ளாது, அவர்தம் வாழ்க்கை வரலாறுகளை விரிவாகப் பதிந்துவைத்தார். எதிர்ப்பாலார் உடையணிந்து நடமாடுவோர் கைதுசெய்யப்படாதிருக்கும்பொருட்டு அவர் வழங்கிய மருத்துவச் சான்றுகளை ஏற்றுப் பொலிசார் அனுமதிச் சீட்டு வழங்கியதும் உண்டு. பால்மாற்றத்துக்கான ஆரம்பகாலச் சத்திரசிகிச்சைகள் சில இந்நிலையத்தின் தொடர்பிலேயே நடைபெற்றன. உலகப் பயணம் மேற்கொண்ட ஹிர்ஷ்ஃபெல்ட் 1931ஆம் ஆண்டில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து சென்றவர் என்பது நம்மவர் அறியத்தக்க செய்தியாகும். யூதராகிய அவர், நாற்சிகள் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் ஜேர்மனிக்குத் திரும்ப இயலவில்லை. 1933ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நிலையம் சூறையாடப்பட்டது. நான்கு நாட்களின் பின் அதன் நூல்கள் பொதுச்சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. 1935இல் அவர் பிரான்சின் நீஸ் நகரில் காலமானார். நூல்களோடு நோயாளரின் வாழ்வு பற்றிய நீண்டகால அறிவும் அழிந்துபட்டது. ஒரு தலைமுறை திரட்டிய அறிவு அடுத்த தலைமுறைக்குச் சென்றடையாது போகும் அவலம் இத்துறையில் மீளவும் நிகழ்ந்தமையைப் பின்னர்க் காணலாம்.

ஓமோன்கள் பற்றிய இரசாயன ஆய்வு இதே காலத்தில் விரைந்து வளர்ந்தது. 1929இல் பெண்பால் ஓமோன் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 1935இல் ஆண்பால் ஓமோனாகிய தெஸ்தொஸ்தெரோன் செயற்கை முறையில் ஆக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், கோப்பன்ஹேகனில் சிகிச்சை பெற்ற கிறிஸ்ரீன் ஜோர்ஜன்சன் என்னும் அமெரிக்கரின் செய்தி பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் வெளியாகவே, இத்தகைய சிகிச்சை உண்டென்பதை உலகம் அறிந்தது. அமெரிக்காவிற் குடியேறிய ஜேர்மானிய வைத்தியரான ஹரி பெஞ்சமின் 1966இல் இப்பொருள் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பாலின அடையாளச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. 1979இல் அது மூடப்பட்டது. இவை யாவும் வளர்ந்தோருக்கானவை. தம் துயர் சிறுபிராயத்திலேயே தொடங்கியது என இவர்களுட் பலர் கூறினர். அக்கூற்றே மருத்துவரின் கவனத்தைச் சிறுவர்பால் திருப்பியது.

அக்கவனம் முதலிற் கொண்ட வடிவம் வருந்தத்தக்கது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பணியாற்றிய உளமருத்துவர் றொபேட் ஸ்ரோலர் 1968இல் வெளியிட்ட நூலிலும் அதனையொட்டிய எழுத்துகளிலும், பெண்ணாக உணரும் சிறுவனின் நிலைக்குத் தாயின் மிகை நெருக்கமும் தந்தையின் விலகலும் காரணம் என வாதிட்டார். குடும்பம் இங்கு நோயின் ஊற்றாகக் கொள்ளப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் றேக்கேர்ஸ், இவர் லோவாஸ் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவன் ஒருவன் ஆண்பிள்ளைகளுக்குரியனவாகக் கருதப்பட்ட விளையாட்டுகளில் ஈடுபடின் தாய் அவனைக் கவனித்துப் பாராட்டவும், பொம்மைகளை நாடின் அவனைக் காணாததுபோல இருக்கவும் பயிற்றப்பட்டாள். வீட்டிலே வில்லைகள் வழங்கப்பட்டன; நல்லொழுக்கம் எனக் கருதப்பட்டதற்குப் பரிசும் ஏனையவற்றுக்குத் தண்டனையும் அவற்றின்படி அமைந்தன. முதலிற் குற்றஞ்சாட்டப்பட்ட தாயே பின்னர்த் திருத்தும் கருவியாக்கப்பட்டமை ஈண்டு கருதத்தக்கது. பிள்ளை தன் துயரைச் சொல்லுதற்கு எஞ்சியிருந்த ஒரே இடமாகிய வீடும் இவ்வாறு சிகிச்சைக்கூடமாயிற்று.

இம்முயற்சிகளின் அடிப்படையை ஐயுறச் செய்த சான்று அதே சூழலிலிருந்தே கிடைத்தது. பெண்தன்மையுடையோர் எனக் கருதப்பட்ட சிறுவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த றிச்சட் கிறீன் 1987இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அச்சிறுவருட் பெரும்பான்மையோர் வளர்ந்தபின் தற்பாலீர்ப்பு உடையோராகவோ இருபாலீர்ப்பு உடையோராகவோ காணப்பட்டனர். பால்மாற்றத்தை நாடியவர் மிக அரியர். சிறுபிராயத்து நடத்தையைக் கொண்டு பிற்கால அடையாளத்தை முன்னறிந்து கூறுதல் எளிதன்று என்பதும், சிகிச்சையளித்தமை அம்முடிவை மாற்றியதாகத் தெரியவில்லை என்பதும் இதனாற் புலனாயின.

துயருக்கு இடப்பட்ட பெயரும் இக்காலத்தில் மாறலாயிற்று. ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் பிஸ்க் 1970களின் தொடக்கத்திற் பாலின மனவுளைச்சல் என்னும் தொடரைப் பரவச் செய்தார். 1979இல் ஹரி பெஞ்சமின் பெயர்தாங்கிய சருவதேசச் சங்கம் சிகிச்சைக்கான நியமங்களை முதன்முறையாக வெளியிட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் 1980இல் சிறுவரின் பாலின அடையாளக் கோளாறு என்னும் வகையைச் சேர்த்துக்கொண்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலே கோளாறு என்னும் சொல் கைவிடப்பட்டு மனவுளைச்சல் என்பது இடம்பெற்றது. 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடோ, பாலின இசைவின்மை என்னும் பெயரில் இதனை உளநோய்ப் பிரிவினின்றும் அகற்றிப் பாலியல் ஆரோக்கியம் பற்றிய பிரிவில் வைத்தது. அடையாளத்தை நோயெனக் கருதாது, அதனால் நேரும் துயரையே சிகிச்சைக்குரியதெனக் கொள்ளும் நிலைக்கு மருத்துவம் படிப்படியாக வந்தமையை இம்மாற்றங்கள் உணர்த்துகின்றன.

இந்த மனமாற்றத்தின் நடுவே நெதர்லாந்து தனித்த பாதையொன்றை வகுத்தது. உளவியலாளரான பெக்கி கோஹன்-கெற்றனிஸ் 1987இல் உத்ரெக்ற் நகரிலே சிறுவருக்கும் கட்டிளமைப் பருவத்தினருக்குமான சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 2002இல் அது அம்ஸ்ரடாமுக்கு மாற்றப்பட்டது. அங்கு நோக்கப்பட்ட சிக்கல் இதுவே: கட்டிளமைப் பருவத்தினரைப் பதினெட்டு வயதுவரை காத்திருக்கச் செய்தால், அதற்குள் குரல் உடைதல், தாடி வளர்தல், மார்பகம் தோன்றுதல் முதலிய மாற்றங்கள் உடலில் நிலைத்துவிடுகின்றன, அவற்றைப் பின்னர் நீக்குதல் அரிது, சில வேளை இயலாது. அதற்கு முன்னரே ஓமோன்களை வழங்கினால், மனம் மாறக்கூடிய ஒருவருக்கு மீளாத மாற்றங்கள் நேரலாம். இவ்விரு தீங்குகளுக்கும் இடையே ஒரு வழி வேண்டியிருந்தது.

அவ்வழியைப் பிறிதொரு துறை அளித்தது. கபச்சுரப்பியைத் தூண்டிப் பூப்பைத் தொடக்கும் மூளை ஓமோனின் அமைப்பு 1971இற் கண்டறியப்பட்டது. இதனைக் கண்டறிந்த ஷாலி, கில்லெமன் ஆகியோர் 1977இல் நொபெல் பரிசில் பங்குபெற்றனர். அவ்வோமோனை ஒத்த மருந்துகள் 1980களின் தொடக்கத்திலிருந்து மிக இளம் வயதிற் பூப்படையும் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டன. சுரப்பியை இடைவிடாது தூண்டுவதன் மூலம் அதனை உணர்விழக்கச் செய்து பூப்பை நிறுத்திவைத்தலே இவற்றின் தொழிற்பாடாகும். மருந்தை நிறுத்தினால் பூப்பு மீளத் தொடங்கும். நெதர்லாந்து வைத்தியர் இம்மருந்தைப் பாலின மனவுளைச்சலுற்ற இளையோர்க்கும் பயன்படுத்தினர். 2006இல் வெளியான அவர்தம் நெறிமுறையின்படி ஏறத்தாழ 12 வயதிற் பூப்பைத் தாமதிக்கும் மருந்தும், 16 வயதில் ஓமோனும், 18 வயதிற் சத்திரசிகிச்சையும் அமைந்தன. இடையிலுள்ள காலம் சிந்தித்துத் தெளிவதற்கு உரியதெனக் கருதப்பட்டது.

இந்நெறிமுறைக்குட்படும் இளையோர் சில நிபந்தனைகளை நிறைவுசெய்தல் வேண்டும். சிறுபிராயந்தொட்டே துயர் இருந்திருத்தல், பூப்பின் தொடக்கத்தில் அது மேலும் கடுமையாதல், சிகிச்சைக்கு இடையூறான பிற உளச்சிக்கல் இல்லாமை, குடும்பத்தின் ஆதரவு இருத்தல் என்பன அவை. இறுதியாகக் கூறியதே இக்கட்டுரைக்கு முதன்மையானது. லொஸ் ஏஞ்சலிஸிலே நோய்க்காரணமாக நின்ற குடும்பம் உத்ரெக்றிலே சிகிச்சையின் முன்னிபந்தனையாயிற்று. 2011இல் வெளியான ஆய்வு, தாமதிக்கும் மருந்து பெற்ற 70 இளையோரின் உளநிலை மேம்பட்டதையும், அவர் அனைவரும் பின்னர் ஓமோன் சிகிச்சையை மேற்கொண்டதையும் கூறியது. அவருள் 55 பேரைச் சத்திரசிகிச்சையின் பின்னரும் நோக்கிய 2014ஆம் ஆண்டு ஆய்வு, மனவுளைச்சல் நீங்கியதையும் அவரது நல்வாழ்வு ஒத்த வயதினரின் நிலையை எய்தியதையும் காட்டியது. அக்குழுவைச் சேர்ந்த ஒருவர் சத்திரசிகிச்சையை அடுத்து ஏற்பட்ட தொற்றினால் உயிரிழந்தார் என்பதும் மறைக்கப்படாது பதியப்பட்டது. நற்பயன் பெற்ற இவ்விளையோர் யாவரும் நெடுங்காலம் ஆராய்ந்து தெரியப்பட்டோர். ஆதரவான வீடுகளிலிருந்து வந்தோர். பயன் மருந்தினாலாயதா, உளவியலாளரின் நீண்ட துணையாலாயதா, குடும்பத்தின் அரவணைப்பாலாயதா எனப் பகுத்துக்காண ஒப்பீட்டுக்குழு எதுவும் இல்லாமை அவ்வாய்வின் குறைபாடாகும்.

பூப்பெய்தாச் சிறுவர் விடயத்திற் கருத்து வேறுபாடு இன்னும் கூர்மையாயிருந்தது. கனடாவின் தொரொன்ரோ நகரிற் கெனத் சுக்கர் தலைமையில் இயங்கிய நிலையம், பிள்ளையைப் பிறப்பின் பாலோடு இசைந்திருக்கச் செய்தலை நாடியது. கடும் எதிர்ப்பின் மத்தியில் 2015இல் அது மூடப்பட்டது. நெதர்லாந்து வைத்தியர் பொறுத்திருந்து அவதானிப்பதையே விரும்பினர். அவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிறுபிராயத்தில் நிலையத்துக்கு வந்த 127 பேருள் 47 பேரே கட்டிளமைப் பருவத்திலும் துயர் நீடித்தவராக இனங்காணப்பட்டனர். மீண்டும் வராதோர் அனைவரையும் துயர் நீங்கியோராகக் கொள்ளுதல் பொருந்துமா என்னும் கண்டனமும் உடன் எழுந்தது. அமெரிக்காவிலோ பிள்ளை உணரும் பாலிலேயே பெயரும் உடையும் கொண்டு வாழவிடும் முறை பரவியது. வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்ரீனா ஒல்சன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்விலே, பெற்றோரின் ஆதரவுடன் அவ்வாறு வாழ்ந்த 73 சிறுவரின் மனச்சோர்வு ஒத்த வயதினருடையதை ஒத்தும், பதகளிப்புச் சற்றே மிகுந்தும் காணப்பட்டன. 2022இல், அவ்வாறு வாழத் தொடங்கிய 317 பேரை ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் பின் நோக்கியபோது, 94 சதவீதத்தினர் அதே அடையாளத்தோடு இருந்தனர். அந்நிலையை ஆதரவு பேணியதா, அன்றித் தொடக்கத்திலேயே உறுதியாயிருந்த பிள்ளைகளே அம்முறையை மேற்கொண்டனரா என்பதை இவ்வெண்கள் தாமாகத் தீர்த்துவைப்பனவல்ல.

இங்கிலாந்தின் வரலாறு வேறொரு படிப்பினை தருவது. உளமருத்துவரான டொமெனிக்கோ டி செலியே 1989இல் இலண்டன் சென்ற் ஜோர்ஜ் வைத்தியசாலையிற் சிறுவருக்கான சேவையைத் தொடங்கினார். பின்னர் அது ரவிஸ்ரொக் நிலையத்துக்கு மாறியது. பாலின அடையாளத்தை மாற்றுவதை நோக்கமாகக் கொள்ளாது, பிள்ளையும் குடும்பமும் நிச்சயமின்மையைத் தாங்கிவாழ உதவுதலே அவரது குறிக்கோளாயிருந்தது. அச்சேவையோடு தொடர்புற்ற பெற்றோர் சிலர் 1995இல் மேர்மெயிட்ஸ் என்னும் அமைப்பைத் தமக்குள் அமைத்துக்கொண்டனர். 2011இற் பூப்பைத் தாமதிக்கும் மருந்து 44 பேரை உள்ளடக்கிய ஆய்வாக அறிமுகமாயிற்று. அதன் முடிவுகள் 2021இலேயே முழுமையாக வெளியாயின. நெதர்லாந்தில் காணப்பட்ட உளநிலை மேம்பாடு அங்கு காணப்படவில்லை. ஒருவர் தவிர ஏனைய 43 பேரும் ஓமோன் சிகிச்சைக்குச் சென்றனர். சிந்தித்துத் தெளிவதற்கு உரியதெனப்பட்ட இடைக்காலம் உண்மையில் அடுத்த படிக்கான வாயிலாகவே அமைந்ததோ என்னும் ஐயம் இதனால் எழுந்தது. தக்கோரே தெரிந்தெடுக்கப்பட்டமையின் விளைவே அது என மறுதரப்பினர் விடையிறுத்தனர்.

முடிவு வெளிவருவதற்கு முன்னரே சேவையை நாடுவோர் தொகை பெருகிவிட்டது. 2011-12இல் 250க்கும் குறைவாயிருந்த கோரிக்கைகள் 2021-22இல் 5,000ஐக் கடந்தன. முன்னர் பெரும்பான்மையோர் பிறப்பில் ஆணாகப் பதியப்பட்ட சிறுவர். இப்பொழுதோ பிறப்பிற் பெண்ணாகப் பதியப்பட்ட கட்டிளமைப் பருவத்தினர் மிகுந்தனர். மனச்சோர்வு, தற்சிந்தனை நோய் முதலியவற்றை உடன் கொண்டிருந்தோரும் பலர். சிறு குழுவொன்றை நுணுகி ஆராய்ந்து வகுத்த நெறிமுறை அதனின் வேறுபட்ட பெருந்தொகையினர்மீது செலுத்தப்பட்டது. முதற் சந்திப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. பூப்பு என்பதோ காத்திருக்கும் இயல்புடையதன்று.

பிணக்கு நீதிமன்றத்தை எட்டியது. பதினாறு வயதுக்குட்பட்டோர் தாமதிக்கும் மருந்துக்குத் தாமே சம்மதம் அளிக்கத் தகுதியுடையோராதல் அரிது என 2020 டிசெம்பரில் மேல் நீதிமன்றம் கூறியது. அவ்வாறாயின் பெற்றோர் சம்மதம் அளிக்கலாம் என 2021 மார்ச்சில் மற்றொரு தீர்ப்பு உரைத்தது. சம்மதத்தைத் தீர்மானித்தல் வைத்தியரின் பணியேயன்றி நீதிமன்றத்தின் பணியன்று எனக் கூறி முதற்றீர்ப்பை 2021 செப்ரெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. பத்து மாதத்துள் ஒரே பிள்ளையின் முடிவு அப்பிள்ளையிடமிருந்து பெற்றோரிடமும், பின்னர் வைத்தியரிடமும் கைமாறியது.

சிறுவர் மருத்துவரான ஹிலரி காஸ் நடத்திய மீளாய்வின் இறுதி அறிக்கை 2024 ஏப்ரலில் வெளியாயிற்று. யோர்க் பல்கலைக்கழகத்தின் முறையான ஆய்வுத் தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்ட அவ்வறிக்கை, தாமதிக்கும் மருந்துகளினதும் ஓமோன்களினதும் பயன் பற்றிய சான்று மிக வலிமை குன்றியதெனக் கூறியது. பிள்ளையின் முழுநிலையையும் நோக்கும் பராமரிப்பை வலியுறுத்தியது. முன்னைய நோயாளர் ஏறத்தாழ 9,000 பேரின் பின்னாளைய நிலையை அறிய முற்பட்ட ஆய்வுக்கு, வளர்ந்தோருக்கான ஏழு நிலையங்களுள் ஆறு ஒத்துழைக்க மறுத்தமையையும் அது பதிந்தது. பேர்லினில் அறிவைத் தீ அழித்தது. இங்கோ இருந்த ஏடுகளே திறக்கப்படவில்லை. அறிக்கைக்கு முன்னரே ரவிஸ்ரொக் சேவை 2024 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. தாமதிக்கும் மருந்து வழமையான சிகிச்சையாக வழங்கப்படாதெனத் தேசிய சுகாதார சேவை அறிவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தற்காலிகமாக விதிக்கப்பட்ட அரச தடை டிசெம்பரிற் காலவரையறையற்றதாயிற்று. சான்றின்மை என்பது பயனின்மை ஆகாதென்றும், சிறுவர் மருத்துவத்தில் வழங்கும் பல மருந்துகளுக்கும் உயர்தரச் சான்று இல்லையென்றும் மாற்றுக் கருத்தினர் வாதித்தனர்.

ஏனைய நாடுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பின்லாந்து 2020இலும் சுவீடன் 2022இலும் உளவியற் பராமரிப்பை முதன்மைப்படுத்தி மருந்துகளை அரிய நிலைமைகளுக்கு வரையறுத்தன. ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளின் மருத்துவச் சங்கங்கள் 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வோர் இளையோரையும் தனித்தனியே ஆராய்ந்து மருந்து வழங்க இடமளித்தது. இவை மருத்துவர் மேற்கொண்ட முடிவுகள். ஐக்கிய அமெரிக்காவிலோ இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களின் சட்டசபைகள் இச்சிகிச்சையைத் தடைசெய்தன. தெனசீ மாநிலத் தடையை எதிர்த்து இளையோரும் பெற்றோரும் தொடுத்த வழக்கில், 2025 யூன் 18ஆம் நாள் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடை செல்லுபடியாகுமெனத் தீர்ப்பளித்தது. சமத்துவப் பாதுகாப்பு என்னும் வினாவையே நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. பிள்ளைக்கு உரிய சிகிச்சையைத் தெரிவுசெய்யப் பெற்றோருக்கு உரிமையுண்டா என்பதை அது தீர்மானிக்கவில்லை. குடும்பத்தின் இடம் பற்றிய வினா சட்டத்திலும் திறந்தே உள்ளது.

இவ்வளவு பிணக்குகளின் நடுவே ஒரு விடயத்திற் பெரும்பாலும் உடன்பாடு காணப்படுகின்றது. சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெயிற்லின் றயன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கட்டிளமைப் பருவத்திற் குடும்பத்தாற் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட தற்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடைய இளையோர், அவ்வாறு புறக்கணிக்கப்படாதோரிலும் 8.4 மடங்கு மிகுதியாகத் தற்கொலை முயற்சியில் ஈடுபட்டிருந்தனர் எனக் கண்டது. இது திருநர் இளையோரை நேரடியாக அளந்த எண் அன்று. ஆயினும் வீட்டின் புறக்கணிப்பு எத்துணைக் கொடியது என்பதை உணர்த்தப் போதியது. பிள்ளையின் கருத்தைப் பெற்றோர் முழுவதும் ஏற்றுக்கொண்டிருத்தல் வேண்டும் என்பதன்று றயன் கண்டது. சமயப்பற்று மிக்க குடும்பங்களும் ஏசுதல், வெளியேற்றுதல், மறைத்தல் முதலியவற்றைத் தவிர்த்துப் பிள்ளையோடு பேசத் தொடங்கும்பொழுதே தீங்கு குறையும் என்பது அவர்தம் பணியின் அடிப்படையாகும்.

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், குடும்பம் முதலிற் குற்றவாளியாகவும், பின்னர்த் திருத்தும் கருவியாகவும், அதன்பின் சிகிச்சையின் நிபந்தனையாகவும், இறுதியில் வழக்காளியாகவும் நிறுத்தப்பட்டமை புலனாகும். துணை வேண்டிநிற்கும் ஒன்றாக அது நோக்கப்பட்டமை அரிதே. மருந்து வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் தத்தம் உறுதியை நிலைநாட்ட முயன்ற காலத்தில், காத்திருப்போர் பட்டியலில் இருந்த பிள்ளையோடு ஒவ்வொரு நாளையும் கழித்தவர் பெற்றோரே. நெதர்லாந்தின் முதல் ஆய்வுகளில் நற்பயன் பெற்றோர்க்கு மருந்தோடு ஆதரவான வீடும் நீண்டகால உளவியற் பராமரிப்பும் இருந்தன. நெறிமுறை பிற நாடுகளுக்குச் சென்றபொழுது மருந்து மாத்திரம் எளிதிற் பயணம் செய்தது. இன்று சில நாடுகளில் மருந்து மீளப்பெறப்பட்டுள்ளது. அதனிடத்தே வரவேண்டிய உளவியலாளரும் குடும்ப ஆலோசகரும் போதிய அளவில் வராதுவிடின், அதனை எச்சரிக்கை என்பதிலும் கைவிடல் என்பதே பொருந்தும்.

எதிர்காலத்துக்கு மருந்து நல்லதா தீயதா என்பதைத் தீர்க்கவல்லது முறையாகப் பேணப்படும் நீண்டகாலப் பதிவே. ஹிர்ஷ்ஃபெல்ட் தொடங்கிய அப்பணி இரு முறை அறுந்தது. அது மூன்றாம் முறை அறாதிருத்தல் ஆய்வாளரின் கடமையாகும். ஆய்வு முடியும்வரை எந்தப் பிள்ளையும் வளராது நிற்பதில்லை; அதுவரையும் அப்பிள்ளை பேசுவதைக் கேட்கும் ஒருவரேனும் வீட்டில் இருத்தல் வேண்டும். அவருக்கு அறிவும் துணையும் அளித்தல் மருத்துவத்தின் கடமையே என்பதை இவ்வறுபது ஆண்டு வரலாறு தெளிவுறுத்துகின்றது.